பெடலை அமுக்கிய குச்சி

காரின் பிரேக்குக்கு விளக்கெண்ணெய் ஊற்றியவன் நான். எழுபதுகளின் கடைசியில் நடந்தது, வயசுக் கோளாறு என்று தள்ளிவிடலாம்தான். ஆனால் அதைச் செய்யவைத்த குணம் இன்னும் என்னோடுதான் குடியிருக்கிறது. அச்சில் வந்த எதையும் நம்பும் குணம் அது. போடிநாயக்கனூர் நூலகத்தில், சமையல் புத்தகங்களுக்கு நடுவே, மோட்டார் வண்டிகளைப் பற்றிய ஒரு பழைய ஆங்கிலப் புத்தகம் தவறிப்போய்க் கிடந்தது. அந்தக் காலத்தில் பிரேக் எண்ணெயை விளக்கெண்ணெயும் சாராயமும் கலந்துதான் செய்தார்கள் என்று அதில் போட்டிருந்தது. என் வீட்டில் சாராயம் கிடையாது. விளக்கெண்ணெய் இருந்தது. பிரேக் எண்ணெய் டப்பாவில் மட்டம் இறங்கியிருந்ததைப் பார்த்து, புட்டியைக் கவிழ்த்துவிட்டு, புத்தகப்படி பாதியாவது சரி என்ற திருப்தியோடு கையைக் கழுவினேன்.

"பாப்பாவுக்கு வச்சிருந்த எண்ணெய் எங்கே?" என்று மனைவி தேடினாள்.

"காருக்கு ஊத்திட்டேன்."

"ஏன், அதுக்கும் ரெண்டு நாளா வெளிக்குப் போகலையா?"

அந்தக் காரைப் பற்றி ஒரு வார்த்தை. என் மாமனார் ராசிங்காபுரத்துக்காரர். மலைமேல் ஏலத்தோட்டம் உண்டு. ஜீப்பு வாங்கியதும், தன்னிடமிருந்த பழைய சீமைக் காரைப் பெண்ணோடு சேர்த்து எனக்கு அனுப்பிவைத்தார். சீர் கொடுக்கிறார் என்று நினைத்தேன். இடத்தை அடைத்துக்கொண்டிருந்த ஒன்றை அப்புறப்படுத்தினார் என்பது விளங்க எனக்கு மூன்று வருஷம் ஆயிற்று. (காரைத்தான் சொல்கிறேன்.) தபால் ஆபீஸ் குமாஸ்தா ஒருவன் கார் வைத்திருந்தால் ஊர் சிரிக்கும். சிரித்தது.

விளக்கெண்ணெய் ஊற்றிய மறுநாள், பெடல் களிமண்ணில் மிதித்ததுபோல உள்ளே போய், யோசித்து யோசித்துத் திரும்பிவந்தது. அப்படித்தான் நான் அவரிடம் போய்ச் சேர்ந்தேன்.

மலைக்குப் போகும் ரோட்டில், ஏலக்காய் ஸ்டோர் ஒன்றின் பக்கச் சுவரில் சாய்த்துப் போட்ட தகரக் கொட்டகை அவருடையது. சுவருக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் மணக்கும். இந்தப் பக்கம் மண்ணெண்ணெயும் துருவும். வேறு எந்த ரிப்பேரும் எடுக்க மாட்டார். எஞ்சின் என்றால் அடுத்த பட்டறைக்குக் கையைக் காட்டுவார். பிரேக் மட்டும்தான், அதிலும் குழாய் வேலைதான். ஊரில் எல்லோரும் பிரேக்குக்காரர் என்பார்கள். பெயர் இருந்தது, தபால் ஆபீசில் இருந்ததால் எனக்குத் தெரியும். ஆனால் பெயர் சொல்வதைப் பற்றி அவருக்கு ஒரு கருத்து இருந்தது. அதனால் நானும் சொல்லவில்லை.

டப்பாவில் விரலைவிட்டு, இரண்டு விரலால் தேய்த்து, முகர்ந்தார்.

"விளக்கெண்ணெய்."

"ஆமா."

"ஆரு ஊத்துனது?"

"நான்தான். ஒரு புத்தகத்துல..."

"நல்லெண்ணெய் ஊத்தியிருந்தீகன்னா ரப்பரு எல்லாம் ஊதிப்போயிருக்கும். கும்பிடுற சாமி காப்பாத்திருச்சு. அது கெடக்கட்டும். முன்ன இருந்த எண்ணெய் எங்க போச்சு?"

அந்தக் கேள்வி எனக்குத் தோன்றியிருக்கவே இல்லை.

"கொறைஞ்சிருக்குன்னு ஊத்துறீக. எங்க போச்சுன்னு கேக்க வேணாமா தபால்காரரே?"

நான் தபால்காரன் இல்லை, குமாஸ்தா என்று திருத்தினேன். தலையை ஆட்டினார். கடைசிவரை தபால்காரர் என்றே கூப்பிட்டார்.

வண்டிக்கடியில் டார்ச்சோடு படுத்தவர், உள்ளேயிருந்தே கேட்டார்: "இதுல உர மூட்டை ஏத்துனாகளா?"

"மாமனார் தோட்டத்துக்கு ஏத்துவாராம்."

"அதான். உரம் கசிஞ்சிருக்கு. அதுக்கு மேல மலை மழை, மஞ்சு. குழாயில கைய வச்சா முறுக்கு மாதிரி உதிருது. இதுலயா பிள்ளையை வச்சு ஓட்டிக்கிட்டுத் திரிஞ்சீக?"

மலைமேல் மூடுபனியை மஞ்சு என்பார்கள். அது அழகான சொல் என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. இரும்புக்கு வேறு எண்ணம் இருந்திருக்கிறது.

சக்கரத்துக்குப் போகும் குழாயின் முனையில் ஒரு சின்ன நட்டு உண்டு. அது குழாயோடு சேர்ந்து துருவேறி ஒரே உடம்பாகியிருந்தது. நட்டைத் திருகினால் குழாயும் முறுக்கிக்கொள்ளும். பலமாகத் திருகினால் நட்டின் முனை மழுங்கிப்போகும். வேறு ஆளாக இருந்தால் சுத்தியலை எடுத்திருப்பார். இவர் மண்ணெண்ணெயில் நனைத்த துணியைச் சுற்றிவிட்டு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார்.

"எப்ப கழலும் அண்ணே?"

"அது வர்றப்ப வரும். இருபது வருசமா ஒட்டிக்கிட்டுக் கெடந்தது, நீங்க லீவு போட்டு வந்திருக்கீகன்னு இன்னைக்கே விட்ருமா?"

மூன்று நாள் ஆயிற்று. காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை, சின்னச் சுத்தியலால் அந்த நட்டைத் தட்டிக் காதைக் கொடுத்துக் கேட்பார். அந்நியர் வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல இருக்கும் அந்தத் தட்டு. திறக்காவிட்டால் கோபமில்லை. துணியை மறுபடி நனைத்துச் சுற்றிவிட்டுப் போய்விடுவார். நான்காம் நாள் நான் போனபோது நட்டுகள் எல்லாம் ஒரு தட்டில் வரிசையாகக் கிடந்தன. புதுச் செப்புக் குழாய்கள் வண்டிக்கடியில் வெயில் பட்டு மின்னின. கார் கட்டைகளின்மேல் நின்றது. பின் சக்கரத்துக்குப் பின்னாலிருந்து அவர் குரல் கேட்டது.

"அமுக்கியிருக்கியா?"

ஒரு மூச்சு விடும் நேரம் மௌனம்.

"விட்றாதே."

ஒரு புட்டிக்குள் குமிழி விடும் சத்தம். பிறகு ஸ்பானரின் கிறீச்.

"ம், விடு."

உள்ளே யாரோ சீட்டில் சாய்ந்து பெடலை மிதித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். ஓட்டுநர் பக்கக் கதவு திறந்திருந்தது. மரியாதைக்கு வணக்கம் சொல்லலாம் என்று எட்டிப் பார்த்தேன். ஆள் இல்லை. முழங்கை நீளத்தில் ஒரு காப்பிச் செடிக் கம்பு, தோல் சீவி, பிடித்துப் பிடித்துக் கறுத்தது. அதன் ஒரு முனை பெடலில் ஊன்றியிருந்தது. சைக்கிள் ட்யூபைக் கிழித்த இரண்டு பட்டைகள், ஸ்டீரிங் தண்டின் அடியில் கட்டப்பட்டு, அந்தக் கம்பை முன்னால் இழுத்துப் பெடலை அமுக்கிக்கொண்டிருந்தன.

இது ஏன் விசித்திரம் என்று சொல்ல வேண்டும். பிரேக் குழாயை மாற்றினால் உள்ளே காற்றுப் புகுந்துவிடும். எண்ணெயை அமுக்கினால் அது சக்கரத்தைப் பிடிக்கும். காற்றை அமுக்கினால் சுருங்கிக்கொண்டு சும்மா இருக்கும். ஆகவே காற்றை வெளியேற்ற வேண்டும். அது இரண்டு ஆள் வேலை. ஒருவர் பெடலை மிதித்துப் பிடித்துக்கொள்ள வேண்டும். மற்றவர் சக்கரத்தில் இருக்கும் நிப்பிளைத் திறந்து, காற்று கலந்த எண்ணெய் வெளியே வந்ததும் முறுக்கி மூட வேண்டும். மூடும்வரை மிதித்த கால் எழக் கூடாது. எழுந்தால் போன காற்று திரும்பி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஊரில் எல்லாப் பட்டறையிலும் இரண்டு பேர் ஐந்து நிமிஷத்தில் முடிக்கிற காரியம். இவர் ஒவ்வொரு தடவையும் எழுந்துவந்து, கம்பை எடுத்து, பெடலைக் கையால் நாலு தரம் அடித்து, கம்பை மறுபடி ஊன்றி, சக்கரத்துக்குத் திரும்பிப் போய்ப் படுத்தார். அன்று எண்ணினேன். நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து முப்பத்தெட்டுப் பிரதட்சணம். நவக்கிரகத்தையே நாம் ஒன்பது சுற்றோடு விட்டுவிடுகிறோம்.

"உள்ளே யாருமே இல்லையே அண்ணே. யார்கிட்ட கேக்குறீங்க?"

அவர் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "கேக்காம முறுக்குனா கை வர மாட்டேங்குது."

எதிர்ப்பக்க டீக்கடைக்காரர்தான் எனக்கு மீதியைச் சொன்னார். டீ ஆற்றும் உயரத்துக்கு ஏற்ப அவர் பேச்சும் நீளும்.

"அவரு மச்சினன் ஒருத்தன் இருந்தான். பொண்டாட்டி கூடப்பெறந்த தம்பி, பொட்டிபுரத்துப் பய. ரெண்டு பேரும் சேந்துதான் சோலி பாத்தாக. மச்சினன் உள்ள உக்காந்து அமுக்குவான், இவரு கீழ படுத்து முறுக்குவாரு. பாட்டு மாதிரி இருக்கும், அமுக்கியிருக்கியா, அமுக்கியிருக்கேன் மாமான்னு. ஒரு நா தோட்டத்துக்கு ஏலப்பழம் எடுக்கப் பொம்பளையாளுகளை ஏத்திட்டுப் போன ஜீப்பு, பிரேக்கு பிடிக்காம வளைவுல பாறையில மோதிருச்சு. உசிருக்குச் சேதமில்ல. ஒரு பொம்பளைக்கு இடுப்பு போச்சு, இன்னைக்கும் எந்திரிக்கல. முந்தின நாத்தான் இவுக ரெண்டு பேரும் அந்தச் சோலியைப் பாத்தது. சனம் கூடிக் கேட்டுச்சு, ஆரு தப்புன்னு. இவரு சொன்னாரு: என் மச்சினன் அமுக்கியிருக்கேன்னு சொன்னான், அதை நம்பித்தான் முறுக்குனேன்னாரு."

"அவன் என்ன சொன்னான்?"

"அமுக்கித்தான் இருந்தேன், மாமாதான் சரியா முறுக்கலைன்னான். ஆருக்குத் தெரியும்? உள்ள இருந்தவன் சக்கரத்தைப் பாக்கல, கீழ இருந்தவன் காலைப் பாக்கல. ஆனா பேருன்னு ஒண்ணு வெளிய வந்தது அந்தப் பய பேருதான். அவன் ஊருக்கே போயிட்டான். எந்தம்பியை ஊருக்கு முன்னால காட்டிக்குடுத்தீகல்லன்னு அந்தம்மாவும் கூடவே கெளம்பிருச்சு. ஏழு வருசமாச்சு. டீ ஆறுது சார், குடிங்க."

அதற்குப் பிறகு அவரை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். தபால் ஆபீஸ் மூன்றரைக்கு மேல் சோம்பிப்போகும். காலாற நடந்து கொட்டகைக்குப் போய்விடுவேன். அவர் வரவேற்கவும் மாட்டார், விரட்டவும் மாட்டார். பேச்சை நான் பார்த்துக்கொள்வேன். ஸ்பானர்களை அளவுப்படி துணியில் சுற்றி வைத்திருப்பார். மதியச் சோற்றை நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்து சாப்பிட்டால் எதிரே ஆள் இல்லாதது தெரியும் என்று ஒரு முறை சொன்னார். சொல்லிவிட்டு, அது எனக்குச் சொன்னதில்லை என்பதுபோலத் தூக்குவாளியை அலசினார்.

வேலை முடிந்த எந்த வண்டியையும் உடனே உடையவரிடம் விட மாட்டார். மலையடியில் இருக்கும் முந்தல் தாண்டி மலை ரோட்டில் நாலைந்து கொண்டை ஊசி வளைவு ஏறி, அங்கிருந்து தான் மட்டும் இறக்கிக்கொண்டு வருவார். கூட யாரையும் ஏற்ற மாட்டார். ஜீப்புக்காரர்கள் கேலி செய்வார்கள்: "என்ன பிரேக்கு, நாங்க ஏறுனா தேஞ்சா போயிருவ?" கதவைச் சாத்திக்கொண்டு கிளம்பிவிடுவார். நான் ஒரு தடவை கெஞ்சிக் கேட்டேன், மலையைப் பார்க்க ஆசை என்று.

"மலை எங்கிட்டும் போயிறாது. பஸ்சுல போயிப் பாருங்க."

ஒரு மாசி மாதம், பொட்டிபுரத்திலிருந்து அவருக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. எனக்குத் தெரிந்து அவருக்கு வந்த முதல் தபால். அஞ்சலட்டையை எழுதுகிறவர்கள், வழியில் நாலு பேர் படிப்பார்கள் என்று தெரிந்தேதான் எழுதுகிறார்கள் என்பது என் கட்சி. தலைப்பு, விலாசம், ஊர் நலம் எல்லாம் போக அதில் இரண்டே வரி இருந்தது. 'தம்பி வரச் சொன்னால் வருகிறேன் என்கிறான். நீங்கள் ஒரு வார்த்தை கூப்பிட்டால் நானும் வருவேன்.'

ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் அவரே பேசினார்.

"கார்டு வந்துச்சு. படிச்சிருப்பீகளே."

"சேச்சே. அடுத்தவங்க தபாலை..."

"தபால் ஆபீசுல இருந்துக்கிட்டுக் கார்டைப் படிக்காமலா? சொல்லுங்க, கூப்பிடட்டுமா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு அண்ணே? இன்னைக்கே எழுதுங்க. கார்டு நான் தர்றேன்."

அவர் ஒரு செப்புக் குழாயை முழங்காலில் வைத்து மெதுவாக வளைத்துக்கொண்டிருந்தார். வளைவு எங்கும் நசுங்காமல் வந்தது.

"வந்தான்னா உள்ள உக்காந்து அமுக்கியிருக்கேன் மாமாம்பான். நான் அதை நம்பணும். மனசு நம்பும். கை நம்புமான்னு தெரியல. அவனை வரவச்சுட்டு மறுபடி அவன் காலை எட்டிப் பாத்தேன்னு வைங்க, அதுக்கு வராமலே இருக்கலாம்." குழாயைக் கீழே வைத்தார். "உங்க வண்டிக்கு முன்சக்கர ரப்பர்க் குழாயும் மாத்தணும்ல. ஞாயித்துக்கெழமை கொண்டாங்க. நீங்க உக்காந்து அமுக்குங்க. எனக்குப் பழகிப் பாக்கணும்."

வாழ்க்கையில் என்னை நம்பி ஒருவர் கொடுத்த ஒரே பொறுப்பான வேலை, ஒரு பெடலை மிதித்துக்கொண்டிருப்பது. ஏழு வருஷம் அதை ஒரு கம்பு செய்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். கம்பைச் சுவரோரம் சாத்தி வைத்திருந்தார். நான் சீட்டில் உட்கார்ந்தேன். கையோடு ஒரு வார இதழையும் கொண்டுபோயிருந்தேன்; தொடர்கதையில் கதாநாயகி கிணற்றடியில் நின்றுகொண்டு எட்டு வாரமாக முடிவெடுத்துக்கொண்டிருந்தாள். அந்த வாரம் எடுத்துவிடுவாள் என்று எனக்குத் தகவல்.

"அமுக்கியிருக்கீகளா?"

"அமுக்கியிருக்கேன்."

"விட்றாதீக."

முதல் சக்கரம், இரண்டாவது சக்கரம். ஒருமுறைகூட அவர் எழுந்து வந்து பார்க்கவில்லை. குரலில் ஏதோ இளகிக்கொண்டே வந்தது. மூன்றாவதில், "இப்படி வெரசா முடியுமுன்னு மறந்தே போச்சு" என்று வண்டிக்கடியிலிருந்து சிரித்தார். அவர் சிரித்து அதற்குமுன் நான் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பில் எனக்கே என்மேல் மதிப்பு வந்து, மடியிலிருந்த இதழைப் பிரித்தேன்.

நான்காவது சக்கரம், கடைசிச் சுற்று. பெடல் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கதாநாயகி வாயைத் திறந்தாள். அந்த இடத்தில் பக்கம் முடிந்தது. பக்கம் திருப்பக் கைதானே வேண்டும், காலுக்கு அதில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். இதழ் மடியிலிருந்து நழுவியது. குனிந்தேன். கால் எழுந்துவிட்டது.

"அமுக்கியிருக்கீகளா?"

காலைத் திரும்ப அழுத்திக்கொண்டே, "அமுக்கியிருக்கேன்" என்றேன்.

ஸ்பானர் கிறீச்சிட்டது. நிப்பிள் மூடிவிட்டது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு நிமிஷ வேலை, அவ்வளவுதான். அந்தச் சிரிப்பைக் கேட்ட காதோடு அந்த வார்த்தையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பெடலு எப்படி இருக்கு?"

"கல்லு மாதிரி இருக்கு அண்ணே."

அவர் வழக்கம்போலத் தனியாக மலைக்குப் போனார். வண்டியைக் கிளப்பும்போது பெடலை ஒருமுறை மிதித்தார். ஒரு கணம் தலையைச் சாய்த்து யோசித்தார். பிறகு என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். நான் டீக்கடையில் உட்கார்ந்து கதையைப் படித்து முடித்தேன். கதாநாயகி முடிவெடுக்கவில்லை. அடுத்த வாரம் என்று போட்டிருந்தது.

ஒரு மணி நேரம் கழித்து, மலையிலிருந்து லோடு இறக்கி வந்த ஜீப்புக்காரர் ஒருவர் சொன்னார், மூன்றாவது வளைவில் ஒரு கறுப்புக் கார் மலைப்பக்க வாய்க்காலில் மூக்கைக் குத்திக்கொண்டு நிற்கிறது என்று. மாமனாருக்குச் சொல்லியனுப்பி, அவர் ஜீப்பில் ஏறிப் போனோம். காரை இழுத்துவந்து முந்தலில் நிறுத்தினார்கள். ஒரு ஹெட்லைட்டும் மட்கார்டும் நசுங்கியிருந்தன. பிரேக்குக்காரர் நெற்றியில் துண்டை அழுத்திக்கொண்டு, பின் சக்கரத்தருகே குந்தி, நிப்பிளை விரலால் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றாக, நான்கையும்.

ஏழெட்டு ஜீப்புக்காரர்கள் கூடிவிட்டார்கள். மாமனார் ஆரம்பித்தார்: "ஊருக்குள்ள பெரிய பிரேக்குக்காரன்னு பேரு. என் மக, பேத்தி ஏறுற வண்டிய்யா இது! ஆரு தப்பு இது, சொல்லு!"

அவர் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். ஒரே ஒருமுறை, ரொம்ப நேரம் இல்லை.

"கடைசி நிப்பிளை நாந்தான் சரியா முறுக்கலை. என் தப்புதான்."

நான் உடைந்த ஹெட்லைட்டை மிகுந்த அக்கறையோடு ஆராய்ந்துகொண்டிருந்தேன். அந்த மாதிரிக் கண்ணாடியை அவ்வளவு கூர்ந்து பார்த்தவன் இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

"மாப்ளே, இனிமே இவன்கிட்ட வண்டியை விடாதீக" என்றார் மாமனார். அன்றிலிருந்து நாலைந்து ஜீப்புகள் அந்தக் கொட்டகைப் பக்கம் வருவதை நிறுத்தின.

மூன்று வாரம் நான் அந்த ரோட்டிலேயே நடக்கவில்லை. பிறகு ஒரு நாள் போனேன். ஒரு நட்டுக்கு மண்ணெண்ணெய்த் துணி சுற்றிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அன்னைக்கு நான் காலை எடுத்துட்டேன்."

"தெரியும். நிப்பிளு நாலும் இறுக்கமாத்தான் இருந்துச்சு."

"அப்புறம் ஏன் உங்க தப்புன்னு சொன்னீங்க?"

"கெளம்புறப்பவே பெடலு கொஞ்சம் எறங்குச்சு. காலுக்குத் தெரிஞ்சுச்சு. நீங்க கல்லுன்னு சொன்னீக. சரி, இது எல்லாரையும் சந்தேகப்படுற காலு, கெடக்குன்னு போயிட்டேன். எறக்கத்துல பெடலு அடிப்பலகை வரைக்கும் போயிருச்சு." துணியை இறுக்கி முடிச்சுப் போட்டார். "முன்ன ஒருக்கா ஒருத்தன் பேரைச் சொன்னேன். அவன் காலை எடுத்தானா, நான் முறுக்காம விட்டேனான்னு எனக்குத் தெரியாது. தெரியாமலே சொன்னேன்."

"இந்தத் தடவைதான் தெரியுமே."

"தெரிஞ்சா சொல்லியே ஆகணுமா?"

மண்ணெண்ணெய்ப் புட்டியை மூடிக் கொடுத்துவிட்டு, "மச்சினனுக்குக் கார்டு எழுதலையா?" என்று கேட்டேன்.

"குச்சி இருக்குல்ல."

எனக்குப் பொறுக்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ்சேறிப் பொட்டிபுரம் போனேன். அவர் நல்லவர் என்று எடுத்துச் சொல்லி, உடைந்ததை நானே ஒட்டிவைத்துவிடலாம் என்று திட்டம். அந்த அம்மாள் வாசலில் கடலைக்காய் உடைத்துக்கொண்டிருந்தார். இன்னார் என்று சொன்னதும் பாயைப் போட்டார். நான் நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் சொன்னேன். என் கால், என் பொய், அவர் என்னைக் காட்டிக்கொடுக்காமல் நின்றது எல்லாவற்றையும்.

"அமுக்குனது நீங்கதானா?"

"நான்தாம்மா."

"ஊருக்கு முன்னால அவுக என்ன சொன்னாக?"

"தன் தப்புன்னு சொன்னார்."

அந்த அம்மாளின் கை நின்றது.

"உங்களுக்காகச் சொல்ல வாய் வந்திருக்கு. எந்தம்பி இதைக் கேக்கத்தானய்யா ஏழு வருசமா வாசலைப் பாத்துக்கிட்டு இருக்கான்."

நான் போகும்போது ஒரு பை நிறையக் கடலை கொடுத்தார். மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை. பஸ்சில் அந்தப் பையை மடியில் வைத்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கே கசிகிறது என்று கேட்காமல், நான் மறுபடியும் விளக்கெண்ணெயைத்தான் ஊற்றிவிட்டு வந்திருக்கிறேன். அதற்குப் பிறகு பொட்டிபுரத்திலிருந்து அவருக்கு அஞ்சலட்டை வரவில்லை. வந்த கார்டையெல்லாம் நான் தினமும் படித்துப் பார்த்தேன். அந்த விஷயத்தில் என் படிப்பு முழுமையானது.

இரண்டு வருஷம் கழித்து எனக்கு மாற்றல் வந்தது. கார் மாமனாரிடமே திரும்பிப் போயிற்று. கிளம்பும் நாள் மதியம், சொல்லிக்கொள்ளக் கொட்டகைக்குப் போனேன். ஒரு பழைய ஜீப்பு கட்டைமேல் நின்றது. அடியில் அவர் கால்கள் மட்டும் தெரிந்தன.

"அமுக்கியிருக்கியா?"

பெடலில் கம்பு ஊன்றி நின்றது. அப்போதுதான் எனக்குப் பட்டது: என்னிடம் கேட்டபோது அவர் 'அமுக்கியிருக்கீகளா' என்றார். கம்பிடம் மட்டும் 'அமுக்கியிருக்கியா'. இத்தனை வருஷமும் அவர் யாரிடம் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது தமிழ் தெரிந்த எவனுக்கும் முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும்.

பதிலுக்காக அவர் காத்திருக்கும் அந்த ஒரு மூச்சு நேரம் நான் கதவருகே நின்றேன். 'அமுக்கியிருக்கேன்' என்ற ஒரு சொல்தான். என் வாய் திறக்கவில்லை.

"ம், விடு" என்றார்.

வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். "மாத்தலாமே தபால்காரரே. போற ஊரு மேடா, பள்ளமா?"

"சமவெளிதான் அண்ணே."

"அப்பப் பரவாயில்ல" என்று சொல்லிவிட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு, பெடலைக் கையால் அடிக்கக் குனிந்தார்.

மதுரை ரயிலில் மனைவியிடம் எல்லாவற்றையும் முதல்முறையாகச் சொன்னேன், முந்தலில் நான் ஹெட்லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றது உட்பட. தேனி வரும்வரை அவள் கேட்டுக்கொண்டே வந்தாள். கண் கலங்கியிருக்கிறாள் என்றே நினைத்தேன்.

"ஏழு வருஷம் அந்தக் குச்சி ஒரு தப்புப் பண்ணலை" என்றேன். "நான் ஒரே ஒரு நாள் உட்கார்ந்தேன்."

அவள் என் மடியில் விரித்திருந்த வார இதழை எடுத்து, தூங்கும் குழந்தைக்கு விசிறினாள்.

"குச்சிக்குப் படிக்கத் தெரியாதுல்ல."